மூன்று அங்குல ராக்கெட்டுக்குக் கஞ்சிக்கோட்டுப் பேப்பர் குழாய்

கோவையிலிருந்து பாலக்காட்டுச் சாலையில் வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோடு போகும் வழியில், துணி ரோலுக்கும் பிளாஸ்டிக் ஃபிலிமுக்கும் பேப்பர் குழாய் சுற்றிக் கொடுக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. பெரிய மாடல் ராக்கெட் கட்டுபவர்கள் அவசியம் போக வேண்டிய இடம். ஆனால் அங்கே அடுக்கி வைத்திருப்பதை அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள்.

காரணம் எடை. கையிருப்பில் இருப்பது 76 மி.மீ. உள்விட்டம், 4 மி.மீ. சுவர். ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 700 கிராம் வரும். அதையே 1.5 மி.மீ. சுவரில் சுற்றினால் 250 கிராம்தான். சராசரி 80 நியூட்டன் உந்தும் ஜி வகை மோட்டார் (மாடல் ராக்கெட் மோட்டார்களை மொத்த உந்தலை வைத்து எழுத்தால் வகை பிரிப்பார்கள்) என்றால், உந்துவிசை எடையைப் போல் ஐந்து மடங்கு வேண்டும் என்ற கணக்கில், மோட்டாரையும் சேர்த்து மொத்தம் 1.6 கிலோதான் வரம்பு. குழாயே 700 கிராம் தின்றுவிட்டால் மூக்குக்கூம்பு, துடுப்பு, பாராசூட்டுக்கு என்ன மிச்சம்? வரம்பு மீறினால், நேராகக் கிளம்ப வழிகாட்டும் ஏவுகம்பியை விட்டு வெளியேறும்போது வேகம் போதாமல் ராக்கெட் காற்றை எதிர்த்துச் சாய்ந்துவிடும்.

ஆகவே 1.5 சுவரில் சுற்றித் தரச் சொல்லுங்கள். "மெலிசா இருந்தா லாரியில நசுங்கிருமுங்க" என்று தயங்குவார்கள். துணி ரோலுக்கு அது சரி. ராக்கெட்டுக்கு நீளவாக்கில் வரும் அழுத்தம்தான் முக்கியம்; அதை இந்தச் சுவர் நன்றாகத் தாங்கும். பத்துக் குழாய்க்குக் குறைந்தால் மெஷினை மாற்ற மாட்டார்கள், நாலு பேர் சேர்ந்து ஆர்டர் கொடுங்கள்.

சுற்று அருமை. நகத்தால் சுண்டினால் கணீரென்கிறது; மொத்தையான சத்தம் வந்தால் உள்ளே பசை காயவில்லை, அந்தக் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குறை வெட்டில்தான். முனையில் மூலமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் வெளிச்சம் தெரிகிறது. 1 மி.மீ. வரை சரிவு. இப்படியே ஒட்டினால் மூக்குக்கூம்பு கோணலாக உட்காரும். 10 மி.மீ. கூடுதல் நீளத்துக்கு வெட்டச் சொல்லி வாங்குங்கள். தாள் ஒன்றை ஓரத்தோடு ஓரம் பொருந்தச் சுற்றிக் கோடு போட்டு, கத்தியால் வெட்டி, டைல்ஸில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்தால் முனை நேராகிவிடும்.

இரண்டு குழாய்களை உள்ளிருந்து சேர்க்கும் இணைப்புக் குழாய்க்கு, பேப்பர் சுற்றும் தண்டு வேறு அளவில் அவர்களிடம் இல்லை. அதே குழாயில் 160 மி.மீ. துண்டு எடுத்து, நீளவாக்கில் 10 மி.மீ. பட்டையை வெட்டி எடுத்துவிட்டு மூடினால் வெளிவிட்டம் 79-லிருந்து 75.8 ஆகும். உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். மூட்டின் உட்புறம் ஒரு பட்டை ஒட்டி எபாக்சி பூசுங்கள். இரு பக்கமும் 80 மி.மீ. நுழைந்திருக்க வேண்டும், குறைந்தால் ஏறும்போது ஆடும்.

துடுப்புக்குக் குறி வைக்கும்போது வெளிச்சுற்றளவு 248 மி.மீ. என்பதால் மூன்று துடுப்புக்கு 82.7 இடைவெளி. கோடு இழுக்க எல் ஆங்கிள் கம்பி போதும். துடுப்பு நுழையும் துளை வெட்டியதும் ஓரத்தில் சூப்பர் குளூ விட்டால்தான் நார் பிரியாது.

மோட்டாரை மட்டும் தயவுசெய்து வீட்டில் கலக்காதீர்கள். அது வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்ட சரக்கு.

ஆனி, ஆடியில் வாங்கப் போனால் இரு முனையையும் பாலித்தீனால் கட்டி எடுத்து வாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு வரும் சாரல் வெட்டுமுனையில்தான் முதலில் ஊறும்; ஊறிய முனை காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது.