ஜெர்மனியில் மின்சாரம்: தானாக வருவதா, தேடி எடுப்பதா?

ஜெர்மனியில் புது வீட்டில் விளக்கைப் போட்டாலே ஒப்பந்தம் ஆகிவிடும், கையெழுத்தே வேண்டாம். அந்தப் பகுதியில் அதிக வீடுகளுக்கு மின்சாரம் விற்கும் நிறுவனம் உங்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும். இதுதான் 'குருண்ட்ஃபெர்சோர்குங்', அதாவது அடிப்படை வழங்கல். யூனிட் விலை பொதுவாக அதிகம். ஆனால் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லி எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஓரிரு மாதமே தங்குபவருக்கு இதுவே போதும்.

மற்றது, 'செக்24', 'வெரிவோக்ஸ்' போன்ற விலை ஒப்பிடும் தளங்களில் தேடி எடுக்கும் தனி ஒப்பந்தம். பெரும்பாலும் 12 அல்லது 24 மாதக் கட்டு. மலிவுதான், ஆனால் பட்டியலின் உச்சியில் நிற்பது பல நேரங்களில் புது வாடிக்கையாளர் போனஸின் புண்ணியம். போனஸைக் கழித்துவிட்டு யூனிட் விலையையும் நிலைக்கட்டணத்தையும் மட்டும் பாருங்கள். நான் பார்க்கவில்லை, இரண்டாம் ஆண்டுப் பில்லைப் பார்த்துத் திகைத்தேன். நிறுவனம் விலையை ஏற்றினால் இடையிலேயே விலகும் உரிமை உண்டு. அந்தக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மாறும்போது மின்சாரம் நின்றுபோகுமோ என்று நம்மவர்கள் பயப்படுவதுண்டு. நிற்காது. புது நிறுவனம் திவாலானாலும் அடிப்படை வழங்குநர் கைகொடுப்பார். ஒரு வாரம் தங்கினாலும் வருடக்கணக்கில் தங்கினாலும், சாவி வாங்கும் நாளிலேயே மீட்டர் எண்ணையும் அளவையும் படமெடுத்துவிடுங்கள். 2025 ஜூன் முதல் பின்தேதியிட்டுப் பதிய முடியாது என்பதால், தனி ஒப்பந்தம் வேண்டுமென்றால் குடியேறும் முன்பே பதிய வேண்டும்.