நியூயார்க் 9/11 நினைவிடம்: நினைவு நாளில் போகலாமா?

செப்டம்பர் 11 அன்று காலையில் போகாதீர்கள். அந்த நேரத்தில் நினைவிடத் திடல் தாக்குதலில் இறந்தவர்களின் குடும்பத்தினருக்கானது. 8:46-க்கு முதல் மௌனம். விமானங்கள் மோதிய, விழுந்த நேரங்களும் கோபுரங்கள் சரிந்த நேரங்களுமாக 10:28 வரை ஆறு முறை மணியடித்து மௌனம் காப்பார்கள். நடுவில் உறவினர்கள் ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். 2,983 பெயர், மதியம் வரை நீளும். 2012 முதல் அரசியல்வாதிகள் வரலாம், மேடையில் பேச முடியாது. (நம் ஊர் அஞ்சலிக் கூட்டங்களுக்கும் இதை யாராவது சிபாரிசு செய்யலாம்.) அருங்காட்சியகம் அன்று பொதுமக்களுக்கு மூடல். திடல் பிற்பகலில் திறந்துவிடும். அன்றுதான் போக வேண்டுமென்றால் மாலை 5 மணிக்கு மேல் போய் இரவு வரை இருங்கள்.

திடலுக்குக் கட்டணம் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் 'டூர்' விற்பவர்கள் நுழைவுச் சீட்டு விற்பதுபோலப் பேசுவார்கள். திடலிலுள்ள நினைவுக் குளங்களைப் பார்க்க ஒரு காசும் வேண்டாம். திடலில் கழிப்பறையும் கிடையாது. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் பக்கத்திலுள்ள ஆக்குலஸ் ரயில் நிலையத்திலேயே அந்த வேலையை முடித்துக்கொண்டு வெளியே வருவது நல்லது. நியூஜெர்சியின் எடிசன் பக்கமிருந்து வருபவர்கள் நியூவார்க்கில் 'பாத்' ரயிலுக்கு மாறினால் நேரே அங்கேதான் இறங்குவார்கள்.

கோபுரங்கள் நின்ற அதே இடத்தில் இரண்டு சதுரக் குளங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு ஏக்கர். நான்கு பக்கமும் 30 அடி ஆழத்துக்குத் தண்ணீர் விழுந்து, நடுவிலுள்ள இன்னொரு பள்ளத்துக்குள் மறையும். பெரும்பாலானோர் இதைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது கைப்பிடிச் சுவரிலுள்ள பெயர்களை.

அவை அகர வரிசையில் இல்லை. யார் பக்கத்தில் யார் என்று குடும்பங்களிடம் கேட்டார்கள். சுமார் 1,200 கோரிக்கைகள் வந்தன. அண்ணன் பக்கத்தில் தம்பி, ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள், கடைசி நேரத்தில் சந்தித்துக்கொண்ட அந்நியர்கள் என்று எல்லாவற்றையும் பொருத்துவதற்குக் கணினி நிரலின் உதவி தேவைப்பட்டது. வடக்குக் கோபுரத்தின் உச்சியில் இருந்த ஒரு நிதி நிறுவனம் மட்டும் 658 பேரை இழந்தது. அவர்கள் பெயர்கள் வடக்குக் குளத்தில் நீண்டுகொண்டே போகும், நிறுவனத்தின் பெயர் மட்டும் எங்கும் இருக்காது. தீயணைப்பு வீரர்கள் தெற்குக் குளத்தில், அவரவர் பிரிவின் கீழ், பதவி குறிப்பிடாமல். சில பெண்களின் பெயருக்குப் பிறகு 'பிறக்காத குழந்தையும்' என்று சேர்த்திருக்கிறார்கள்.

தேடிப் போகும் பெயர் இருந்தால் முதலில் நினைவிடத்தின் இணையப் பெயர்ப் பட்டியலிலோ திடலிலுள்ள திரையிலோ அந்தப் பெயர் இருக்கும் பலகையின் எண்ணைப் பாருங்கள். வடக்குக் குளம் 'என்-1' முதல் 'என்-76' வரை, தெற்குக் குளம் 'எஸ்-1' முதல் 'எஸ்-76' வரை. எண் இல்லாமல் தேடினால் கிடைக்காது; இறந்தவர் எந்த விமானத்தில், எந்தக் கோபுரத்தில் இருந்தார் என்பது தெரியாதவர்கள் குளத்தையே மாற்றிச் சுற்றுவார்கள். எழுத்துகள் வெண்கலத்தை ஊடுருவி வெட்டப்பட்டவை. தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் பெயர் பதியும், இருட்டிய பிறகு உள்ளிருந்து வெளிச்சம் வரும். மாலை நேரத்தைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு பெயரில் வெள்ளை ரோஜா செருகியிருந்தால் அன்று அவருக்குப் பிறந்தநாள்.

திடலின் தென்மேற்கு மூலையில் ஆறு கருங்கற்கள் சாய்ந்து நிற்கும். 2019-இல் வைத்தது. இடிபாட்டுத் தூசியைச் சுவாசித்துப் பின்னால் நோயில் செத்தவர்களுக்கானது. அன்றைக்கே இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். நோயில் இறந்த வீரர்களின் எண்ணிக்கை 2023-இல் அதை எட்டிவிட்டது. கூட்டம் இங்கே நிற்பதே இல்லை.

அருங்காட்சியகம் வேறு கதை. 30 டாலருக்கு மேல் கட்டணம், விமான நிலையம் போன்ற சோதனை, 70 அடி ஆழத்துக்கு இறக்கம். திங்கள் மாலைகளில் இலவசச் சீட்டு உண்டு, முன்பதிவு அவசியம், சீக்கிரம் தீரும். செவ்வாயன்று பெரும்பாலும் விடுமுறை. குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஹட்சன் ஆற்றைத் தடுத்து நின்ற அடித்தளச் சுவரும் இடிபாடுகளிலிருந்து கடைசியாக அகற்றிய 36 அடித் தூணும் காசுக்குத் தகும். வரலாற்றுக் கூடத்தில் படமெடுக்கக் கூடாது. குரல் பதிவுகள் கனமானவை, பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் வேண்டாம். பாதியில் வெளியேற வழி வைத்திருக்கிறார்கள். தீவிரவாதிகளின் பின்னணியைச் சொல்லும் படம் ஏழே நிமிடம். அவ்வளவு பெரிய கேள்விக்கு அது போதாது. நினைவுப் பொருள் கடை இல்லாமலே இருந்திருக்கலாம்.

நினைவு நாள் இரவுக்கென்றே உள்ளது, கோபுரங்களின் நினைவாக வானில் எழுப்பும் இரட்டை ஒளித்தூண். 88 செனான் விளக்குகள், ஒவ்வொன்றும் 7,000 வாட், அந்தி முதல் விடியல் வரை. திடலிலிருந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், முழு உருவம் தெரியாது. ஜெர்சி சிட்டியின் லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கில் நில்லுங்கள். தாக்குதலில் இறந்த நியூஜெர்சிக்காரர்களுக்கான இரண்டு எஃகுச் சுவர்கள் அங்கே இருக்கின்றன, நடுப்பாதை நேரே கோபுரங்கள் இருந்த இடத்தை நோக்கும். நடுவே விளக்கு அணைந்தால் பழுது என்று வண்டியை எடுத்துவிடாதீர்கள். வலசைப் பறவைகள் ஒளியில் சிக்கிச் சுற்றத் தொடங்கி, ஆயிரத்தைத் தாண்டினால், அவை விலகிப் போவதற்காக 20 நிமிடம் அணைப்பார்கள். பிறகு மறுபடி எரியும்.