பேட்டரி சார்ஜரும் அந்த ஒரு பட்டனும்

மஸ்கட்டில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் தக்கலைத் தம்பி போன விடுமுறையில் ஊரில் கார் வாங்கினான். "வருஷத்துல பத்து மாசம் சும்மா நிக்கப்போற வண்டி அண்ணே, நீங்க வச்சிருக்கிற சார்ஜரையே நானும் வாங்கட்டா?" என்று கேட்டான். வாங்காதே என்று உடனே சொல்லிவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இதே சார்ஜரை நான் அவனிடம் எத்தனையோ தடவை புகழ்ந்திருக்கிறேன். அந்தப் புகழ்ச்சியை இப்போதும் திரும்பப் பெறவில்லை.

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது நான் இங்கே மாட்டிக்கொண்டேன். மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் வண்டி பத்து மாதம் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பையன் கொஞ்ச காலம் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டான், அப்புறம் அவனும் படிக்கப் போய்விட்டான். நான் ஊருக்குப் போய் மீட்டரை வைத்தபோது அந்த 12 வோல்ட் பேட்டரி 4 வோல்ட்கூடக் காட்டவில்லை. காலியாகவே கிடந்ததில் உள்ளே ஈய சல்பேட் தகட்டில் படிந்து இறுகிவிட்டது. இரண்டு நாள் சார்ஜ் போட்டும் அது தேறவில்லை. புது பேட்டரி வாங்க வேண்டியதாயிற்று.

வண்டி நின்றால் பேட்டரி ஏன் இறங்குகிறது என்று அப்போதுதான் அளந்து பார்த்தேன். பூட்டி அரை மணி நேரம் கழித்தும் 25 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டே இருந்தது. கடிகாரம், அலாரம், சாவியின் சிக்னலுக்காகக் காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் சேர்ந்து குடிக்கும் கரண்ட் அது. பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர் மணி, முப்பது நாளில் 18. என் பேட்டரியே 35 ஆம்பியர் மணிதான். ஒரே மாதத்தில் பாதி காலி.

அதனால்தான் 2021 தொடக்கத்தில் இந்தச் சார்ஜரை வாங்கினேன். 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, நிறைந்ததும் தானாக 13.6-க்கு இறங்கி அப்படியே தாங்கிப் பிடிக்கும். மாதக்கணக்கில் மாட்டியிருந்தாலும் பேட்டரி கொதிக்காது. பெட்டியில் கொடுத்த முதலைக் கிளிப் மட்டும் எங்கள் உப்புக் காற்றில் ஒரே வருடத்தில் பச்சை பூத்துப் போனது. அதை வெட்டி எறிந்துவிட்டு, வளைய முனை வைத்த வயரை பேட்டரி போல்ட்டிலேயே முறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டேன். பானெட்டுக்கு வெளியே ஒரு சின்ன பிளக் மட்டும் தொங்கும். அதை இணைத்தால் போதும். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் வீட்டில் இறங்கி, பெட்டியை உள்ளே வைத்த கையோடு சாவியைத் திருப்புவேன். ஒரே திருப்பில் வண்டி எழும். அந்தச் சத்தம் கேட்டால்தான் ஊருக்கு வந்துவிட்டோம் என்று மனசு நம்பும். அதே பேட்டரி நாலு வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் கரண்ட் போய்த் திரும்பினால் இந்தச் சார்ஜர் வேலையைத் தொடராது. மஞ்சள் விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். யாராவது போய்ப் பட்டனை அமுக்க வேண்டும். மின்சாரமே போகாத ஊருக்கு அது சரி. எங்கள் குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை என்று வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். காற்றடித்து ஒரு தென்னை ஓலை கம்பியில் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். நீண்ட நாள் நிற்கும் வண்டிக்கென்றே செய்த பொருளில் இதை யோசிக்காமல் விட்டதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

வீட்டில் இருப்பது அம்மா மட்டும்தான். ஒவ்வொரு தடவை கரண்ட் வந்ததும் குடையோடு ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு போன் செய்வார்கள். "மக்களே, பச்சை எரியல்ல, மஞ்சளு மினுங்குது. அமுக்கிட்டேன் கேட்டியா" என்பார்கள். எனக்கும் அது பழகிப்போயிருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது உறுத்துகிறது. போன ஐப்பசியில் ஒரே நாளில் மூன்று தடவை கரண்ட் போனது. மூன்றாவது தடவை ஷெட்டுக்குப் போனபோது அம்மா முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டு மூன்று வாரம். என்னிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார்கள்.

தம்பி, உனக்குச் சார்ஜர் வேண்டுமென்றே தோன்றினால் கடையிலேயே ஒரு பேட்டரியில் மாட்டச் சொல். ஓடும்போது சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடு. தானாகப் பழைய வேலையைத் தொடர்ந்தால் வாங்கு. பட்டனுக்காகக் காத்திருந்தால் எத்தனை தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.

நான் இந்த முறை ஊரிலிருந்து புறப்படுவதற்கு முந்தின ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டேன். காலையில் 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் வயரைக் கழற்றி, முனையில் துணி சுற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தேன். எப்போதும் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அது கடைசி. கழற்றி வைத்தாலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், நம் ஊர் வெக்கைக்கு இன்னும் கூடுதலாக. அதற்காக மச்சான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து, ஷெட் கதவைத் திறந்து வைத்து, ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறான். திரும்பி வரும்போது கடிகாரம், ரேடியோ எல்லாம் மறுபடி வைக்க வேண்டும். வைத்துக்கொள்ளலாம்.

ரிமோட் வேலை செய்யாது, டிரைவர் பக்கக் கதவைச் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும் என்று அம்மாவிடம் காட்டினேன். "அப்போ நான் மழையில போகண்டாம், இல்லியா?" என்று மட்டும் கேட்டார்கள்.