மருந்தை மாற்றுவதா, சர்க்கரை மாத்திரையைச் சேர்ப்பதா?

மனச்சிதைவு நோய்க்காக ஏழு ஆண்டுகளாக ஓலான்சபின் எடுத்துவரும் என் தம்பிக்குச் சென்ற ஆண்டு, இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 8.4 சதவீதம் என்று வந்தபோது, இரண்டு வழிகள் எங்கள் முன் வைக்கப்பட்டன. ஒன்று, எடையையும் சர்க்கரையையும் அவ்வளவாக ஏற்றாத அரிபிப்ரசோலுக்குச் சிறிது சிறிதாக மாறுவது. மற்றொன்று, மனநோய் மருந்தில் கை வைக்காமல் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்ப்பது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம் என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

மாற்றுவதற்கான நியாயம் எளிதில் விளங்கும். ஓலான்சபினும் அதே போன்ற மனநோய் மருந்தான குளோசபினும் பசியைத் தூண்டுவதோடு, உடல் இன்சுலினைப் பயன்படுத்தும் விதத்தையும் நேரடியாகக் கெடுக்கக்கூடியவை. ஆகவே காரணத்தையே விலக்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. மருந்து தொடங்கிச் சில மாதங்களே ஆனவருக்கு மருத்துவர் இதைப் பரிந்துரைத்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன். மற்ற மருந்துகள் பலனளிக்காத பிறகே தரப்படும் குளோசபினில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: அன்றாடம் மாத்திரையை உள்ளே போக வைப்பது யார், எதன் பலத்தில்? மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓலான்சபினின் அளவைக் குறைத்துப் பார்த்தோம். ஆறாவது வாரத்தில், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று சொல்லி, அம்மா வைத்த தட்டைத் தம்பி தள்ளிவிட்டான்; மீண்டு வர நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களில் அவனுக்குச் சர்க்கரை நோயும் இருந்திருந்தால், அதற்கான மாத்திரையை எந்தக் கையால் கொடுத்திருப்போம்? மனம் நிலைகொண்டிருப்பதால்தான் இன்று அவன் விரலை நீட்டிக் குளூக்கோமீட்டரில் சோதிக்க விடுகிறான், அல்சூர் ஏரிக்கரையில் என்னுடன் நடக்க வருகிறான்.

பராமரிப்பில் மெட்ஃபார்மினுக்கு இன்னொரு தகுதியும் உண்டு. தனியாக எடுத்தால் அது சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைட் போன்ற வேறு சர்க்கரை மாத்திரைகளை எடுத்துக்கொண்டு ஒருவேளை உணவைத் தவிர்த்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, படபடப்பு, குழறிய பேச்சு எல்லாம் வரலாம். எங்கள் வீட்டில் அதைப் பழைய நோய் திரும்பிவிட்டதாகவே எண்ணியிருப்போம். இப்படித் தவறாகப் படிப்பதில் எங்களுக்கு அனுபவம் உண்டு. சர்க்கரை ஏறியதால் அவன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததை, இரண்டு மாதங்கள் மனநோயின் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தோம். மனநோயிலும் அளவுகடந்து தண்ணீர் குடிப்பவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததே எங்களை ஏமாற்றியது.

இப்போது மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினை இரவுச் சாப்பாட்டோடும், சிறிது நேரம் கழித்து ஓலான்சபினையும் அம்மாவே கொடுக்கிறார். முதல் இரண்டு வாரங்கள் வயிற்றுப்போக்கு இருந்தது. குறைந்த அளவில் தொடங்கி ஏற்றியதால் அடங்கியது. சிறுநீரகத்தையும், நீண்ட காலம் எடுத்தால் குறையக்கூடிய வைட்டமின் பி12 அளவையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

ஒன்பது மாதங்களில் எச்பிஏ1சி 7.1 ஆயிற்று. ஆயினும் எடை மூன்று கிலோதான் குறைந்தது, பசி அப்படியே இருக்கிறது. பெங்களூரில் தெருமுனைக்கு ஒரு பேக்கரி என்பதால், இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பும் அவனது கால்களைத் தடுப்பதைவிட, வீட்டில் சுண்டலும் மோரும் தயாராக வைத்திருப்பதே எங்களுக்குப் பலித்தது. மருந்தை மாற்றியிருந்தால் இந்தப் பசியோடு போராட வேண்டியிருந்திருக்காது என்பதை நான் மறைக்கவில்லை.

மாற்றி வெற்றி கண்ட குடும்பத்தை நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. என் அச்சம் ஒரே ஒரு மோசமான அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்சுலின் வரை நாங்கள் போகாததால் அதைப் பற்றிப் பேசும் தகுதியும் எனக்கில்லை. எச்பிஏ1சி மீண்டும் 8-ஐத் தாண்டினால் மாற்றத்தைப் பற்றிப் பேசலாம் என்று மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த சோதனை நாளை அம்மா காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார். அதன் பக்கத்தில் தம்பியும் தன் கையெழுத்தில் நேரத்தை எழுதி வைத்திருக்கிறான்.