குட்டி லயன்ஃபிஷ்ஷா, ஃப்ளேம் ஹாக்ஃபிஷ்ஷா?

ரீஃப் டேங்கில் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வேட்டை மீன் வேண்டும், பவளத்தையும் கடிக்கக் கூடாது என்பவர்கள் பலர் தயங்கி நிற்பது ஃபஸ்ஸி ட்வார்ஃப் லயன்ஃபிஷ், ஃப்ளேம் ஹாக்ஃபிஷ் இரண்டுக்கும் நடுவில்தான்.

இடம்: லயன் சுமார் 17 செ.மீ. வளரும், 200 லிட்டராவது வேண்டும். ஹாக் 9 செ.மீ.தான், 120 லிட்டர் போதும்.

கூட்டாளிகள்: லயனின் வாய்க்குள் நுழையும் எதுவும் இரைதான். பாறையோரம் ஒதுங்கும் சின்ன கோபி மீன் ஒரு நாள் காணாமல் போகும். ஹாக் பொதுவாக மீன்களை விட்டுவிடும், குட்டி இறாலை விடாது. புதிதாக வரும் சாதுவான மீனை விரட்டும் என்பதால் ஹாக்கைக் கடைசியில் விடுங்கள். இறால் வளர்ப்பவர்களுக்கு இரண்டுமே சரிவராது.

தீனி: லயன் ஆரம்பத்தில் அசைவதைத்தான் தின்னும். உயிருள்ள இறாலில் தொடங்கி, அப்புறம் உறைந்த இறாலை இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டிப் பழக்க வேண்டும். தினமும் தங்கமீன் போடுவது அதன் கல்லீரலுக்குக் கேடு. ஹாக்குக்கு இந்தச் சடங்கெல்லாம் இல்லை, உறைந்த மைசிஸையே (இறால் போன்ற சிறு உயிரி) பாய்ந்து எடுக்கும்.

ஆபத்து: லயனின் முட்களில் விஷம். குத்தினால் தாங்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்து, டாக்டரிடம் போக வேண்டும். ஹாக் தொட்டியிலிருந்து குதிக்கும், வலைமூடி போடுங்கள்.

குழந்தைகள் தொட்டிக்குள் கையை விடும் வீடு, சின்னத் தொட்டி என்றால் ஹாக். பெரிய மீன்கள் மட்டும் உள்ள தொட்டி, ஊட்டப் பொறுமை இரண்டும் இருந்தால் லயன்.