ஒரு கண்ணை மூடுவதா, பிரிசம் ஒட்டுவதா? இரட்டைப் பார்வையோடு நான்கு மாதம்

ரங்கூனின் சூலே பகோடா என்ற புத்தக் கோயிலுக்குக் கலசம் ஒன்றுதான். போன மழைக்காலத்தில் ஒரு காலை எனக்கு அது இரண்டாகத் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில், ஒரே உயரத்தில், ஒரே பொன் நிறத்தில். கடையைத் திறந்து கணக்கு நோட்டைப் பார்த்தால் எழுத்து ஒன்றாகவே இருந்தது. கண்ணில் தூசி என்று விட்டுவிட்டேன். மதியம் அனோரதா சாலையைத் தாண்டும்போது ஒரே பஸ் இரண்டாக வந்தது. எதற்கு ஒதுங்குவது?

வீட்டுக்காரிதான் முதல் வைத்தியம் பார்த்தாள். "என்னங்க, ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாருங்க." பொத்தினேன், ஒன்றானது. மற்றதைப் பொத்தினாலும் ஒன்றுதான். அவளுக்குத் தெரியாமலேயே டாக்டர் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். ஒரு கண்ணை மூடிய பிறகும் இரண்டாகத் தெரிந்தால் கோளாறு திறந்திருக்கும் அந்தக் கண்ணுக்குள்தான்: கண்புரை, கருவிழியின் வளைவு, கண் வறட்சி இப்படி ஏதாவது. எதை மூடினாலும் சரியாகிறது என்றால் இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. தசையோ, நரம்போ, அதற்குப் பின்னால் மூளையோ என்று தேட வேண்டும்.

இமை தொங்கினாலோ, ஒரு பக்கக் கருமணி பெரிதானாலோ, தாங்க முடியாத தலைவலி, வாய் குழறல், கை கால் இழுப்பு கூடவே வந்தாலோ கண்ணை மூடுவதா, பிரிசம் ஒட்டுவதா என்ற ஒப்பீடெல்லாம் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூளை ரத்தக்குழாய் வீக்கமாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம்.

எனக்கு அப்படி இல்லை. பதினைந்து வருடச் சர்க்கரை. இடது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்கு ஒரே ஒரு நரம்பு, ஆறாம் நரம்பு. அதற்குப் போகும் சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். அதனால் இடது கண் மூக்குப் பக்கம் சாய்ந்துவிட்டது. தூரத்தில் இரண்டு, கிட்டத்தில் ஒன்று, இடப்பக்கம் திரும்பினால் இன்னும் மோசம் என்பது இதன் அடையாளமாம். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தானாகச் சரியாகும், சர்க்கரையையும் பிரஷரையும் மட்டும் பிடித்து வையுங்கள் என்றார். அதுவரை எப்படி நடமாடுவது? அங்கேதான் போட்டி ஆரம்பம்.

முதலில் கண் பேட்ச், கறுப்புத் துணி. விலை ஒன்றுமில்லை, போட்ட நொடியில் பகோடா ஒன்று. ஆனால் ஆழம் தெரியாது. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினால் கிளாசுக்குப் பக்கத்தில் ஊற்றும். எங்கள் தெரு நடைபாதையில் சிமெண்ட் பலகை பாதி உடைந்தும் பாதி தூக்கியும் கிடக்கும். ஒற்றைக் கண்ணுக்கு எல்லாம் ஒரே மட்டம். இன்னொரு கூத்து: நல்ல கண்ணை மூடி, சாய்ந்த கண்ணால் பார்த்தபடி இடப்பக்கம் இருந்த பருப்புப் படியை எடுக்கப் போனேன், கை அதைத் தாண்டிப் போய் மிளகாய் மூட்டையில் விழுந்தது. பெரியவர்களுக்கு எந்தக் கண்ணை மூடினாலும் பார்வை கெட்டுப்போகாது. ஆனாலும் கோளாறுள்ள கண்ணை மூடுவதே நடமாட வசதி. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் டாக்டர் சொல்லாமல் கண்ணைக் கட்டக் கூடாது, பார்வை வளரும் வயது.

பேட்ச்சின் ஏழைத் தம்பி ஒன்று உண்டு: பால்போல் மங்கலான டேப்பை மூக்குக் கண்ணாடியின் ஒரு வில்லையில் உள்பக்கமாக ஒட்டிவிடுவது. வேலை அதேதான், குறையும் அதேதான். ஆனால் கண்ணுக்குள் வெளிச்சம் வரும், வேர்க்காது, காளி கோயில் வரிசையில் யாரும் "என்னாச்சு மாமா?" என்று நிறுத்திக் கேட்கவும் மாட்டார்கள். ரங்கூன் வேக்காட்டில் துணி பேட்ச்சை விட இதுவே மேல் என்பேன்.

இரண்டு கண்ணும் வேண்டும் என்றால் பிரிசம், பள்ளிக்கூடத்தில் படித்த முப்பட்டகம்தான். தடித்த விளிம்பைக் காதுப் பக்கம் வைத்தால் காட்சி மூக்குப் பக்கம் நகர்ந்து, சாய்ந்த கண் பார்க்கும் இடத்துக்கே வந்துவிடும். கண்ணைத் திருத்தாது, காட்சியைத்தான் தூக்கி வைக்கிறது. பிரிசம் எண் 1 என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் 1 சென்டிமீட்டர் நகர்வு. இதில் இரண்டு வகை. வில்லைக்குள்ளேயே தேய்த்துச் செய்வது ஒன்று. பார்வை தெளிவு, வெளியே தெரியாது, ஆனால் எண் கூடினால் கனம், ஒருமுறை செய்தால் மாற்ற முடியாது. மற்றது ஃபிரெனெல் ஸ்டிக்கர். கலங்கரை விளக்குக்கு வில்லை செய்த பிரெஞ்சுக்காரர் ஃபிரெனெலின் அதே யோசனைதான்: தடித்த பிரிசத்தைச் சின்னச் சின்னப் படிகளாக நறுக்கி மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அடுக்குவது.

நான் ஏமாந்தது இங்கேதான். மூன்றாவது வாரம் ஒரு கண்ணாடிக் கடையில் பிரிசம் எண் 16 என்று அளந்து, பக்கத்துக்கு 8 ஆகப் பிரித்து, தேய்த்த பிரிசமே போடுங்கள், ஸ்டிக்கரெல்லாம் மங்கல் என்றார்கள். போட்டதும் சொர்க்கம்தான். ஏழாவது வாரம் தலைவலி. சாயங்காலமானால் மறுபடி இரண்டு. டாக்டர் அளந்தால் 6. நரம்பு திரும்பிக்கொண்டிருக்கிறது, கண்ணாடி 16லேயே நிற்கிறது. மிச்சத்தை என் கண்தான் மூக்குப் பக்கம் நெரித்துச் சமாளித்திருக்கிறது. தினம் மாறும் கோணத்துக்கு மாறாத கண்ணாடியை விற்றது அவர்கள் தப்பு. கேட்காமல் வாங்கியது என் தப்பு.

அப்புறம் சென்னை போய் வந்த மச்சான் ஸ்டிக்கர் கொண்டுவந்தார். வில்லை அளவுக்குக் கத்தரியால் வெட்டி, தண்ணீருக்குள் வைத்தே உள்பக்கம் அழுத்தினால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். முதலில் 6, மூன்று வாரம் கழித்து அதை உரித்துவிட்டு 3. குறை இல்லாமல் இல்லை: மெல்லிய கோடுகள் தெரியும், இரவில் பைக் விளக்கு இழுத்த மாதிரி பரவும், பள்ளங்களில் தூசி சேரும், எண் கூடக் கூட மங்கலும் கூடும். என்றாலும் டீ கிளாசுக்குள் விழுந்தது, படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிந்தது.

எந்தப் பிரிசமும் நேர்ப் பார்வைக்குத்தான். இடப்பக்கம் பார்த்தால் மறுபடி இரண்டு. பர்மா 1970இல் சாலையின் வலப்பக்கத்துக்கு மாறியது. நிறைய வண்டிகளுக்கு ஸ்டியரிங் இன்னும் வலப்பக்கமே. முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமானால் இடப்பக்கம்தான் எட்டிப் பார்க்க வேண்டும், எனக்கு எதிர்வண்டி இரண்டாக வரும் அதே பக்கம். ஆகவே நான்கு மாதம் கடை வேனை மச்சான் ஓட்டினார். பேட்ச்சோ, டேப்போ, பிரிசமோ, ஓட்டலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

போடாக்ஸ் ஊசியும் அறுவையும் பாக்கி. முகச் சுருக்கத்துக்கு என்று நாம் கேள்விப்படும் அந்த மருந்துக்கு 1989இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். கண்ணை மூக்குப் பக்கம் இழுக்கும் எதிர்த் தசையில் போட்டால் மூன்று மாதம் போல அதைத் தளர்த்தி வைக்கும். அறுவைக்கு ஆறு மாதமாவது பொறுத்து, அளவு அசையாமல் நின்ற பிறகுதான் கை வைப்பார்கள். எனக்கு இரண்டுக்கும் தேவை வரவில்லை. அளவு நின்றுபோய், அதுவும் சின்ன எண்ணாக நின்றவர்களுக்கு, நான் திட்டிய அதே தேய்த்த பிரிசம்தான் சரி.

அந்த 16 இன்னும் கல்லா டிராயரில் கிடக்கிறது. பேரன் எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "தாத்தா, பகோடா ரெண்டு!" என்று கத்துகிறான்.