கிரயமா, குத்தகையா, கூரையா: சோலாருக்கு எங்கள் கரிசலைக் கேட்டபோது

நிலத் தரகர் முதல் தடவை வந்தபோது டீக்கடையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். இரண்டாம் தடவை சிட்டா நகல் கேட்டார். மூன்றாம் தடவை அவர் வந்து போன பிறகு சிலர் கையில் முன்பணம் இருந்தது. கண்மாய்க்குத் தெற்கே நானூறு ஏக்கர் சேர்ந்தாற்போல வேண்டும், சூரிய மின் நிலையம் வரப்போகிறது என்ற செய்தியே அப்புறம்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆடி மாதம் மந்தையில் கூட்டம் கூடியது. பாதிப் பேர் கொடுக்கலாம் என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். ஆட்டுக்கிடை வைத்திருக்கும் கீதாரி ஒருவர் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல், “வேலி போட்ட பிறகு ஆடு எந்த வழியாகத் தம்பி கண்மாய்க்குப் போகும்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் பெயரில் ஒரு சென்ட் பட்டா கிடையாது. ஆகவே தரகரின் நோட்டிலும் அவர் பெயர் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடச் சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘பசுமை மின்சாரத்துக்குக் கிராமத்தார் எதிர்ப்பு’ என்று தலைப்புப் போட்டு முடித்துவிடுகிறார்கள். எங்கள் சண்டை மின்சாரத்தோடு அல்ல, அது வந்து சேரும் வழியோடு. வழிகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டே கேள்விகளால் எடைபோட்டுப் பார்த்தேன். பட்டா இல்லாதவனுக்கு என்ன ஆகும்? மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

கிரயம்

இதற்கு உதாரணம் தேடி நாங்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கமுதி பக்கம் செங்கப்படையில் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் நிலையம் இருக்கிறது. ஏறத்தாழ 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள், 4,550 கோடி ரூபாய். எட்டே மாதத்தில் கட்டி 2016 செப்டம்பரில் முடித்தார்கள். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அப்போது பேசப்பட்டது. அதன் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு விலை. கட்டும்போது 8,500 பேர் வேலை செய்தார்கள். ஓட ஆரம்பித்த பிறகு தகடு துடைக்கும் வேலையை ரோபோ பார்க்கிறது. தண்ணீர் மிச்சமாகிறது என்பதால் ரோபோவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் “ஊருக்கே வேலை கிடைக்கும்” என்று தரகர் சொன்னபோது, அது எத்தனை மாதத்து வேலை என்று கேட்கத் தோன்றியது.

விற்கிறவனை ஏளனம் செய்யக்கூடாது. என் சித்தப்பாவுக்கு ஆறு ஏக்கர் மானாவாரி. முண்டு மிளகாயும் மல்லியும் போடுகிறார். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்தது, மழைதான் வரவில்லை. “மூன்று வருடம் விதைக்கிறேன், ஒரு வருடம் அறுக்கிறேன். நீ மதுரையில் உட்கார்ந்துகொண்டு விற்காதே என்கிறாய்” என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். இதற்கும் பதில் இல்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த கடன் அவருக்கு.

கிரயத்தில் கெட்டது பணம் அல்ல, அது நடக்கும் விதம். ஒரு தனியார் நிறுவனத்துக்காக அரசே நிலம் எடுத்தால், 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் இசைவு வேண்டும். சமூகத் தாக்கத்தை மதிப்பிட வேண்டும். அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் கூலி விவசாயியும் அந்தச் சட்டத்தின் கணக்கில் பாதிக்கப்பட்டவர். தரகர் ஆளுக்காளாகப் பத்திரம் பதிந்துகொண்டு போகும்போது இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் சோலார் தகடு நிலையங்களுக்குப் பொருந்தாது. அதனால் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. ஊர் கூடிப் பேசச் சட்டம் இடமே வைக்காதபோது, ஊர் மறியலில் கூடிப் பேசுகிறது.

தண்ணீர் விஷயத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு நாலு மைல் தள்ளி ஒரு சிறிய நிலையம் வந்தது. யாருடையது என்று இங்கே எழுதப்போவதில்லை. தகடு நிறுத்துவதற்காக நிலத்தை இயந்திரம் வைத்துச் சமன் செய்தார்கள். அங்கே குறுக்கே கண்மாய்க்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்கால் ஓடியது. வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும், கருவேலமும் கோரையுமாக இருக்கும், வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது வெறும் பள்ளம். பட்டா வரைபடத்தில் ஓடை என்று இருந்தது அரைப் பங்கு. மீதி பட்டா நிலத்துக்குள் ஊர் வழக்கத்தால் விட்டுவைத்த தடம். அந்த ஐப்பசியில் பெய்த மழை வேலியோரம் தேங்கி நின்று வேறு பக்கம் திரும்பியது. கண்மாய் மடையில் முழங்கால் தண்ணீர்கூட ஏறவில்லை. அந்த ஊரில் நிலம் விற்காதவர்களும் அந்த வருடம் விதைக்கவில்லை.

குத்தகை

கர்நாடகத்தில் தும்கூரு மாவட்டத்துப் பாவகடாவில் வேறு வழியைப் பிடித்தார்கள். 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். ஐந்து கிராமங்களின் நிலத்தை அரசுசார் நிறுவனம் ஒன்று விவசாயிகளிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, மின் உற்பத்தி நிறுவனங்களுக்குக் கொடுத்தது. முதல் கட்டம் 2018 மார்ச்சில் தொடங்கியது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 5 சதவீதம் உயர்வு. வறட்சிக்குப் பேர்போன தாலுகா அது, நிலக்கடலை விதைத்து வானத்தைப் பார்த்த ஊர்கள். அங்கே பலர் விரும்பியே கொடுத்தார்கள். பத்திரம் தன் பெயரிலேயே இருக்கிறது, பணம் வங்கிக்கு வருகிறது. கிரயத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு ஆண்டுக்கு 5 சதவீதம் என்பது ஆண்டுக்கு இரண்டரைதான். 24 ஆண்டு கழித்து 21,000 ரூபாய் ஏறத்தாழ 37,700 ஆகும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், இன்றைய 21,000 ரூபாயின் சரக்கை வாங்க அன்றைக்கு 67,700 ரூபாய் வேண்டும். குத்தகைப் பணம் ஏறிக்கொண்டே இருக்கும், அதன் பலம் இறங்கிக்கொண்டே இருக்கும். பேரன் கையில் நிலம் திரும்பி வரும்போது பாதி வாடகைதான் வாங்கிக்கொண்டிருப்பான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு மெகாவாட் நம் பக்கத்து வெயிலில் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் கொடுக்கும். யூனிட் 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 48 லட்சம். பாவகடாவில் ஒரு மெகாவாட்டுக்குச் சராசரியாக ஆறேகால் ஏக்கருக்கு மேல் பிடித்திருக்கிறது. அதற்கு வாடகை 1 லட்சத்து 33 ஆயிரம். அதாவது நூறு ரூபாய் வரவில் நிலத்துக்காரனுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. முதலீடும் வட்டியும் நிறுவனத்துடையவை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மின்சாரத்தின் விலையே 25 ஆண்டுக்கு மாறாமல் ஒப்பந்தமாகிறது, வாடகையை மட்டும் எப்படி ஏற்றுவது என்பது அவர்கள் தரப்பு. நியாயம் இல்லாத பேச்சு அல்ல. ஆனாலும் எங்கள் பக்கத்தில் நிலத்தை வாரத்துக்கு விட்டால் விளைச்சலில் பங்கு வரும், கருதறுப்பு நாளில் களத்தில் நின்று அளந்து வாங்கலாம். விளைவது வெயிலாக இருந்தால் மட்டும் பங்கு பேசக்கூடாது என்று யார் சொன்னது? யூனிட்டுக்குப் பத்துக் காசு என்று பேசியிருந்தாலே மெகாவாட்டுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் வந்திருக்கும்.

பட்டா இல்லாதவனுக்குப் பாவகடாவிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. குத்தகைப் பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போயிற்று. களை பறித்தவர்களுக்கும் கடலை பறித்தவர்களுக்கும் வேலை போயிற்று. ஆடு மேய்ப்பவர்களுக்கு மேய்ச்சல் சுருங்கியது. கையில் நிலம் இருந்தவனுக்கு நல்ல திட்டம், இல்லாதவனுக்கு வேலி.

தரிசு என்ற சொல்

“விளைநிலத்தை விடுங்கள், தரிசை எடுங்கள்” என்பது எல்லோருக்கும் பிடித்த சமரசம். மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். குஜராத்தில் பாட்டன் மாவட்டத்துச் சாரங்காவில் 2012 ஏப்ரலில் தொடங்கிய சூரியப் பூங்கா பெரும்பாலும் அப்படிப்பட்ட அரசுத் தரிசில்தான் வந்தது. அது மேய்ச்சல்காரர்களின் காடு. காகிதத்தில் தரிசு, கால்நடைக்குச் சாப்பாடு.

எங்கள் ஊரில் விதைக்காத மாதங்களில் பட்டா நிலமும் தரிசுதான். அந்த மாதங்களில்தான் கீதாரி கிடை மறிக்கிறார். மாசி பங்குனியில் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களுக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே தண்ணீர் விட்டதும் திரும்பி வருவார்கள். இரவில் இன்னார் வயலில் இத்தனை நாள் கிடை என்று பேசி, பணமோ தானியமோ வாங்கிக்கொள்வார்கள். நிலத்துக்கு எரு, அவருக்குக் கூலி. இதற்குப் பத்திரம் கிடையாது, வருவாய்த் துறையின் எந்தப் பதிவேட்டிலும் இதற்குக் கட்டம் இல்லை. தரிசில் அமைக்கலாம் என்ற தீர்வை ஒப்பீட்டில் கிரயத்துக்கும் கீழேதான் வைப்பேன். கிரயத்தில் யாராவது ஒருவருக்காவது விலை கிடைக்கிறது.

சின்னதும் உயரமும் கூரையும்

விவசாயிகளுக்கான சூரிய மின்சாரத்துக்கு மத்திய அரசு கொண்டுவந்த குசும் திட்டத்தில் 2019 முதல் ஒரு பிரிவு இருக்கிறது. துணை மின் நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள், அரை மெகாவாட் முதல் 2 மெகாவாட் வரை விவசாயியோ விவசாயிகள் கூடிய சங்கமோ நிலையம் அமைக்கலாம். 2 மெகாவாட் என்றால் எட்டுப் பத்து ஏக்கர். கரம்பையில் ஒரு மூலை போதும், ஓடையை மறிக்கவேண்டிய அவசியம் வராது. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் கோடிக்கணக்கில் முதல் வேண்டும். ஆறு ஏக்கர் மானாவாரியை அடமானமாகக் காட்டினால் வங்கி மேலாளர் பார்க்கிற பார்வையை என் சித்தப்பா நடித்தே காட்டுவார். குஜராத்தில் துண்டி என்ற ஊரில் 2016இல் ஆறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, பம்புசெட்டுக்கு வைத்த சோலாரில் மிஞ்சிய மின்சாரத்தை விற்க ஆரம்பித்தார்கள். ஆறு பேர் சேர்ந்த இடத்தில் அறுபது பேர் சேரலாம். எங்கள் ஊரில் கோயில் கணக்குக்கே மூன்று கட்சி என்பது வேறு விஷயம்.

தகட்டை ஆள் உயரத்துக்கு மேலே நிறுத்திக் கீழே பயிர் செய்வது இன்னொரு வழி. ஜப்பான் இதை 2013இல் அனுமதித்தபோது, கீழே விளைச்சல் வட்டாரச் சராசரியில் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று நிபந்தனை போட்டது. நல்ல நிபந்தனை. இரும்புச் செலவு கூடும் என்பதால் நிறுவனங்கள் இந்தப் பேச்சை எடுப்பதில்லை. மிளகாய்க்கு அந்த நிழல் ஒத்துவருமா என்று சித்தப்பா கேட்கிறார். ஆட்டுக்கு ஒத்துவரும், தகட்டின் கீழே ஆடு மேய்ப்பது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வழக்கம்தான், புல் வெட்டும் கூலி மிச்சம். இங்கே காவலாளி ஆட்டைக் கண்டால் கம்பை எடுக்கிறார்.

நீரில் மிதக்கும் நிலையத்துக்குத் தூத்துக்குடி ஸ்பிக் ஆலையில் 2022இல் வந்த 22 மெகாவாட் நல்ல உதாரணம். அது ஆலையின் நீர்த்தேக்கம். எங்கள் கண்மாயில் மிதக்கவிட்டால் சித்திரையில் தரை தட்டி நிற்கும்.

கூரைக்கு வருவோம். நானூறு ஏக்கரில் ஏறத்தாழ 100 மெகாவாட் வரும். வீட்டுக்கு 3 கிலோவாட் என்று போட்டால் அதற்கு 33,000 மாடிகள். மதுரை மாநகரில் அதைவிட அதிகமான மாடிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. 2024இல் வந்த சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. ஏழைக்கு அது எட்டாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வரும்போது அவன் தேடப்போவதும் இல்லை. வசதியுள்ள நகரத்தான் கடன் வாங்கி மாடியில் வைக்கவேண்டியது அது. ஆலைகளுக்கும் ரயிலுக்கும் கூரை மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாடி காலியாகக் கிடக்கும்போது கரிசலைத் தேடி வருவதற்கு ஒரே காரணம், முப்பத்து மூவாயிரம் பேரிடம் பேசுவதைவிட ஒரு தரகரிடம் பேசுவது சுலபம்.

ஆடி கடைசியில் மறுபடியும் கூடினோம். கிரயம் வேண்டாம், குத்தகை என்றால் பேசலாம், வாடகையில் யூனிட் பங்கு வேண்டும், வரத்துக்காலும் ஆட்டுத் தடமும் வேலிக்கு வெளியே இருக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதினோம். தடத்தின் அகலம் எவ்வளவு என்று கேட்டதற்குக் கீதாரி எழுந்து மந்தையின் குறுக்கே நடந்து காட்டினார். முப்பது தப்படி. அதையும் எழுதிக்கொண்டோம். கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போன தரகர் இன்னும் வரவில்லை.

முன்பணம் வாங்கிய சித்தப்பா, இந்த வாரம் தன் ஆறு ஏக்கரில் கிடை போட்டிருக்கிறார். பத்து இரவுக்குப் பேச்சு. விற்கப்போகிற நிலத்துக்கு எரு எதற்கு என்று கேட்டேன். “அவன் வருகிறபோது வரட்டும். புரட்டாசியில் நாற்று விட வேண்டாமா?” என்றார்.